காற்றோடு ஆறு ஆண்டுகள்: ஜூராவின் மஞ்சள் ஒயின்

வெள்ளை ஒயினில் வெந்தய வாசம் அடித்தால் அது கெட்டுப்போய்விட்டது என்றுதான் பிரான்சின் பெரும்பாலான ஊர்களில் சொல்வார்கள். புகழ்பெற்ற ஒயின் வட்டாரமான பர்கண்டிக்காரர்களை 1990களின் நடுப்பகுதி அறுவடைகளிலிருந்து தூங்கவிடாமல் செய்த சிக்கலே அதுதான். பதினைந்து ஆண்டு தாங்க வேண்டிய ஷார்தொனே வெள்ளை ஒயின் ஐந்தாறு ஆண்டிலேயே பழுப்பேறி, வாடிய ஆப்பிள் மணத்தோடு சோர்ந்துவிடும். இப்படிக் காலத்துக்கு முன்பே மூப்படைந்த ஒயின்களில் போர்தோ ஆய்வாளர்கள் கண்டுபிடித்த சேர்மங்களில் ஒன்று சோட்டலோன். நம் அஞ்சறைப்பெட்டி வெந்தயத்துக்கு மணம் தருவதும் இதே சேர்மம்தான்.

பர்கண்டியிலிருந்து கிழக்கே, ஸ்விட்சர்லாந்து எல்லையை நோக்கி நிலம் மேடேறும் இடத்தில் ஜூரா இருக்கிறது. அங்கே அதே சோட்டலோன் வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் ஆறு ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். அந்த ஒயினின் பெயர் வான் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின். முதல் முறை முகர்பவர் முகம் சுளிப்பது சகஜம். அக்ரூட், பச்சை ஆப்பிள் தோல், வெந்தயம், கொஞ்சம் காளான், அடியில் கத்திபோல் ஒரு புளிப்பு, இனிப்பு துளியும் கிடையாது. பிரான்சின் வெள்ளை ஒயின்களில் இதைவிட ஆழமானது எனக்குத் தெரிந்து இல்லை. “காற்றுப்படவிட்டுச் செய்த ஒயின்” என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பாதி உண்மைதான். பீப்பாய்க்குள் காற்று போவது நிஜம். அந்தக் காற்றை அங்கே முதலில் எடுத்துக்கொள்வது யார் என்பதில்தான் இந்தத் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வான் ஜோன் செய்ய ஒரே ஒரு திராட்சைக்குத்தான் அனுமதி: சவான்யான். ஜெர்மனியிலும் இத்தாலியின் வடக்கிலும் திராமினர் என்று அழைக்கப்படும் பழைய ரகமே இது. வாசனைக்குப் பெயர்போன கெவர்ஸ்திராமினர் இதன் திரிபு. மணிகள் சிறியவை, தோல் தடித்தது. தாமதமாகப் பழுக்கும், அக்டோபர் வரை கொடியில் விட்டாலும் புளிப்பு குறையாது. இந்தக் கடைசிக் குணம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சர்க்கரை நன்றாக ஏறினால்தான் ஆல்கஹால் 13 சதவீதத்தை ஒட்டி வரும். ஆனால் சர்க்கரை ஏறும்போது மற்ற ரகங்களில் புளிப்பு இறங்கிவிடும், புளிப்பு இறங்கிய ஒயினில் பாக்டீரியாக்கள் சுலபமாகப் புகுந்துவிடும். சவான்யான் இரண்டையும் ஒன்றாகத் தாங்குகிறது. இதற்கு ஏற்ற மண் நீலம் கலந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். ஷாத்தோ ஷலோன் கிராமம் ஒரு செங்குத்துப் பாறையின் உச்சியில் இருக்கிறது. அதற்குக் கீழே சரிவில் இந்தக் களிமண்ணும், மேலிருந்து உடைந்து விழுந்த சுண்ணாம்புக் கற்களும் கலந்து கிடக்கின்றன. வெயில் முழுவதும் அந்தச் சரிவுக்குத்தான்.

இந்த ஒயினை நான்கு பெயர்களின் கீழ் விற்கலாம்: ஆர்புவா, ஷாத்தோ ஷலோன், லெத்துவால், கோத் து ஜூரா. முதல் இரண்டும் 1936லும் மற்றவை 1937லும் சட்டப்படி எல்லை வகுக்கப்பட்டவை. இவற்றில் ஷாத்தோ ஷலோன் தனி. சுமார் 50 ஹெக்டேர் மட்டும். அங்கே வேறு எந்த ஒயினுக்கும் அந்தப் பெயர் கிடையாது, மஞ்சள் ஒயினுக்கு மட்டும்தான். அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, பழம் தேறாவிட்டால் அந்த ஆண்டையே ரத்து செய்யும். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் ஷாத்தோ ஷலோன் என்ற பெயரில் ஒரு புட்டிகூட இல்லை. சிறு விவசாயிகள் ஒரு முழு ஆண்டின் வருமானத்தில் பெரும் பங்கை ஒரு பெயரின் மானத்துக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். அதற்குத் தலைவணங்க வேண்டும்.

முதல் கட்டம் சாதாரண வெள்ளை ஒயின் செய்வதைப் போலவே நடக்கும். பழத்தைப் பிழிந்து, சாற்றை முழுக்கப் புளிக்கவைத்து, சர்க்கரை மிச்சமில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் மாற்றமும் முடிந்தாக வேண்டும். இவற்றில் எதையாவது பாதியில் விட்டால், பின்னால் பீப்பாயில் பாக்டீரியாக்களுக்குத் தீனி கிடைத்துவிடும். ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டை-ஆக்சைடும் கை அடக்கமாகவே போட வேண்டும்; அதிகமானால் பின்னால் ஒயினின் மேலே வர வேண்டிய ஈஸ்ட் படலம் கட்டாது.

பிறகு ஒயின் பழைய ஓக் பீப்பாய்க்குப் போகிறது. பெரும்பாலும் பர்கண்டி அளவான 228 லிட்டர். புதுப் பீப்பாய் இதற்கு ஆகாது. மரத்தின் வாசமும் துவர்ப்பும் மற்றதை எல்லாம் அமுக்கிவிடும். முன்பு மஞ்சள் ஒயின் இருந்த பீப்பாய்தான் சிறந்தது, அதன் மர இடுக்குகளில் பழைய ஈஸ்ட் குடியிருக்கும். மற்ற ஊர்களில் பீப்பாயை விளிம்புவரை நிரப்பி, ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட அடிக்கடி மேலே ஊற்றுவார்கள். இங்கே தொடக்கத்திலேயே ஐந்தாறு லிட்டர் இடம் காலியாக விடப்படும். அதன் பிறகு ஊற்றுவதும் இல்லை, வேறு பீப்பாய்க்கு மாற்றுவதும் இல்லை. அறுவடைக்குப் பிந்தைய ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15 வரை ஒயின் வைக்கப்பட்டிருக்க வேண்டும், அதில் குறைந்தது 60 மாதம் படலத்தின் கீழ் இருக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறு ஆண்டு மூன்று மாதம்.

அந்தப் படலத்தைப் பற்றி நின்று பேச வேண்டும். சர்க்கரையைத் தின்று ஒயினாக்கிய அதே ஈஸ்ட் இனத்தின் சில வகைகள், சர்க்கரை தீர்ந்ததும் பிழைக்கும் வழியை மாற்றிக்கொள்கின்றன. அவற்றின் செல் சுவர் நீரை விலக்கும் தன்மை பெறுகிறது. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே மிதந்து, ஒயினின் பரப்பை மூடுகின்றன. இரண்டு மூன்று மாதத்தில் படலம் தோன்றலாம். சில பீப்பாய்கள் ஓர் ஆண்டுவரை காக்கவைக்கும். சிலர் ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட்டைத் தூவி விரைவுபடுத்துவார்கள், சிலர் நிலவறையில் உள்ளதையே நம்புவார்கள். ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர் ஷெர்ரி ஒயினிலும் இப்படி ஒரு படலம் உண்டு. ஆனால் அது தடித்து வெளுத்திருக்கும். ஜூராவில் மெலிந்து சாம்பல் பூத்திருக்கும். ஷெர்ரியில் வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்க்கிறார்கள், பல ஆண்டு ஒயின்களைக் கலக்கிறார்கள். ஜூராவில் இரண்டும் கிடையாது. ஓர் ஆண்டின் பழம் அந்த ஆண்டின் பெயரோடே புட்டிக்குப் போகும்.

மேலே வந்த ஈஸ்ட் இப்போது ஆக்சிஜனைச் சுவாசித்து வாழ்கிறது. உணவு ஆல்கஹாலும் கிளிசராலும். ஆல்கஹாலை அது அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. பச்சை ஆப்பிள், அக்ரூட் தோல் மணம் அங்கிருந்து வருகிறது. ஒயினுக்கு வழவழப்பைத் தரும் கிளிசரால் தின்னப்படுவதால்தான் வான் ஜோன் நாக்கில் எலும்பும் நரம்புமாக, சதைப்பற்றில்லாமல் நிற்கிறது. ஆக்சிஜனைப் பரப்பிலேயே ஈஸ்ட் பிடித்துக்கொள்வதால் கீழே உள்ள ஒயினுக்குப் போய்ச்சேருவது மிகக் குறைவு. அதனால் பழுப்பாகாமல், பல ஆண்டு கழித்தும் பொன்னிறமாக இருக்கிறது.

அதே பரப்புக்கு இன்னோர் ஆள் போட்டி போடுகிறான்: அசிட்டிக் பாக்டீரியா. அவன் ஜெயித்தால் ஒயின் வினிகர். இரண்டும் பரப்பில் படலமாகத்தான் தெரியும், வெறும் கண்ணுக்கு முதலில் வித்தியாசம் பிடிபடாது. இந்த இரண்டையும் நுண்ணோக்கியில் பிரித்துக் காட்டியவர் லூயி பாஸ்டர். 1822ல் தோல் நகரில் பிறந்து, ஆர்புவாவில் வளர்ந்தவர். 1860களில் ஒயின் நோய்களை ஆராய்ந்தபோது சொந்த ஊர் ஒயின்களையே எடுத்துக்கொண்டார். ஒன்று காக்கும், மற்றொன்று கெடுக்கும் என்ற அறிவு இந்தத் தொழிலுக்கு அவர் தந்த கொடை. ஆர்புவாவுக்கு அருகே அவர் 1874ல் வாங்கிய தோட்டத்தில் இன்றும் கொடிகள் இருக்கின்றன.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. ஒயின் வைக்க நிலவறை குளிர்ச்சியாக, ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று படித்திருப்போம். மஞ்சள் ஒயினுக்கு அது தலைகீழ். பருவத்துக்குப் பருவம் சுமார் 8 டிகிரிக்கும் 18 டிகிரிக்கும் நடுவே ஏறி இறங்கும், காற்றோட்டமுள்ள அறைதான் வேண்டும். வீட்டின் மேல்மாடத்தில் வைப்பவர்களும் உண்டு. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் படலம் செழிக்கும். கடும் வெயிலிலும் குளிரிலும் மெலிந்து, செத்த செல்கள் அடியில் படியும். அப்படிப் படிந்த செல்கள் சிதையும்போது வெளிவரும் பொருள்களில் கீட்டோபியூட்ரிக் அமிலம் ஒன்று. அது அசிட்டால்டிஹைடோடு சேர்ந்துதான் சோட்டலோன் உருவாகிறது. இந்த வேதிவினை மெதுவானது. சோட்டலோனின் பெரும்பங்கு கடைசி ஆண்டுகளில்தான் சேர்கிறது. மூன்றாம் ஆண்டில் புட்டியில் அடைத்துவிட்டால் அக்ரூட் இருக்கும், வெந்தயம் இருக்காது. ஆறு ஆண்டு என்ற விதி வெறும் பழமைப்பற்று இல்லை என்பதற்கு இது போதும்.

ஈரப்பதமும் கவனிக்க வேண்டியது. காய்ந்த அறையில் மரத்தின் வழியே தண்ணீர் வேகமாக வெளியேறி ஆல்கஹால் ஏறும், 15 சதவீதத்தைத் தொட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் படலமே வாழாது. ஈரம் மிகுந்த அறையில் ஆல்கஹால்தான் அதிகம் ஆவியாகும், ஒயின் பலமிழந்து அசிட்டிக் பாக்டீரியாவுக்கு வழிவிடும். ஆகவே ஒரே தோட்டத்து ஒயின் இரண்டு அறைகளில் இரண்டு விதமாக வளரும். நல்ல தயாரிப்பாளர்கள் பீப்பாய்களை வெவ்வேறு அறைகளில் பிரித்துவைத்து, ஆறு ஆண்டு கழித்துத் தேர்ந்து கலப்பது இதனால்தான். வெப்பமான அறை வீரியம் தரும், ஆபத்தும் தரும். குளிர்ந்த அறை நுணுக்கம் தரும், சில சமயம் ஒன்றுமே நடக்காமலும் போகும்.

பீப்பாயைச் சோதிக்க மேலிருந்து குழாய் விட்டால் படலம் கிழிந்துவிடும். அதற்காகப் பீப்பாயின் முகப்பலகையில் சிறு துளை போட்டு மரமுளை செருகியிருப்பார்கள். அதை உருவி அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஆய்வகத்தில் அளப்பார்கள். முக்கியமாகப் பார்ப்பது ஆவியாகும் அமிலமும் அசிட்டால்டிஹைடும். படலம் நலமாக இருந்தால் அது அசிட்டிக் அமிலத்தையும் தின்னும். அமில அளவு நிலையாகவோ குறைந்தோ இருக்கும். திடீரென்று ஏறினால் எங்கோ படலம் கிழிந்திருக்கிறது. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை வந்துவிட்டால் அது எத்தில் அசிட்டேட், இனி அந்தப் பீப்பாய் மஞ்சள் ஒயின் ஆகாது. அமிலம் லேசாக ஏறும்போதே எடுத்துவிட்டால் வேறு வகை வெள்ளை ஒயினில் சேர்க்கலாம். தாமதித்தால் சாராயம் வடிப்பதற்கு அல்லது வினிகருக்கு. இரண்டு மூன்று ஆண்டில் வெளியே எடுக்கப்படும் நல்ல பீப்பாய்களும் உண்டு. அவற்றைத்தான் சவான்யான் என்ற பெயரிலேயே, படல மணத்தோடு, பாதி விலைக்கு விற்கிறார்கள். முதன்முதலில் பழகுபவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

ஆறு ஆண்டு முடிவில் ஒரு லிட்டர் 62 சென்டிலிட்டர் ஆகிவிடும் என்பது ஊர்க்கணக்கு. கிளாவ்லான் என்ற குட்டையான, சதுரத்தோள் புட்டி அதே 62 சென்டிலிட்டர்தான் கொள்ளும். ஐரோப்பியச் சட்டம் இந்த அளவை மஞ்சள் ஒயினுக்கென்றே அனுமதித்திருக்கிறது. 75 சென்டிலிட்டர் புட்டியில் மஞ்சள் ஒயின் என்று யாராவது காட்டினால் ஏமாறாதீர்கள். ஷாத்தோ ஷலோன் புட்டியில் “மஞ்சள் ஒயின்” என்று எழுதியிருக்க வேண்டியதில்லை, ஊர்ப் பெயரே போதும். அதேபோல் “உய்யே” என்று இருந்தால் பீப்பாயை நிரப்பிவைத்த, காற்றுப்படாத சவான்யான். எலுமிச்சையும் வெள்ளைப் பூவுமாக அதுவும் அருமையான ஒயின்தான், ஆனால் முற்றிலும் வேறு.

கெட்ட ஒயினையும் நல்ல மஞ்சள் ஒயினையும் பிரித்தறிவது கடினமில்லை. மூக்கை மட்டும் நம்பாமல் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அகால முதுமை வந்த வெள்ளை ஒயின் மூக்கில் தேனும் வெந்தயமுமாக ஏமாற்றும்; வாயில் சுருக்கென்று முடிந்துவிடும், நிறமும் பழுப்பாக இருக்கும். மஞ்சள் ஒயின் வாயில் புளிப்போடு எழுந்து, விழுங்கிய பின்னும் நிமிடக்கணக்கில் அக்ரூட்டும் மசாலாவுமாகத் தங்கும். தொண்டையில் சுட்டு, மூக்கில் குத்தினால் அது வினிகரின் வேலை.

பரிமாறுவதில் எல்லோரும் செய்யும் தவறு குளிரவைப்பது. 8 டிகிரியில் புளிப்பும் அசிட்டால்டிஹைடும் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் அடங்கிவிடும். 14 முதல் 16 டிகிரி சரி. சாப்பாட்டுக்கு நாலைந்து மணி நேரம் முன்பே திறந்து வைத்தால் குத்தும் வாசம் ஆவியாகி, அடியில் உள்ளது மேலே வரும். இளம் ஒயினென்றால் முந்தைய நாளே திறக்கலாம். மிச்சத்தைக் கார்க் போட்டு வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. ஆறு ஆண்டு காற்றைப் பார்த்த ஒயினுக்கு இன்னும் சில நாள் ஒரு பொருட்டில்லை.

உடன் சாப்பிட கோந்த்தே பாலாடைக்கட்டி, 18 மாதத்துக்கு மேல் பழுத்தது, கூடவே அக்ரூட். இரண்டும் ஒரே மலைச்சாரலின் பொருள்கள். சமையலென்றால் மொரெல் காளானோடு கோழி. ஆறு பேருக்கு 1.8 கிலோ கோழியை எட்டுத் துண்டாக்கி உப்பு, மிளகு தடவி, 60 கிராம் வெண்ணெயில் தோல் லேசாகப் பொன்னிறம் ஆகும்வரை வதக்க வேண்டும். கருகவிட்டால் சாறு கசக்கும். உலர்ந்த மொரெல் 40 கிராமை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மண் போக அலசிக்கொள்ள வேண்டும். மொரெலைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது, அரைவேக்காடும் ஆகாது. வயிற்றைக் கலக்கும் நச்சு அதில் உண்டு. கோழியோடு காளானும், 30 சென்டிலிட்டர் படல மணமுள்ள சவான்யானும் சேர்த்து, மூடி, சிறு தீயில் 40 நிமிடம். பிறகு 30 சதவீதக் கொழுப்புள்ள கெட்டி க்ரீம் 40 சென்டிலிட்டர் ஊற்றிப் பாதியாகச் சுண்டவிட வேண்டும். மெல்லிய க்ரீமை ஊற்றினால் ஒயினின் புளிப்பில் திரிந்துவிடும். இறக்கும் முன் அசல் மஞ்சள் ஒயின் 5 சென்டிலிட்டர். முழுக்க அதையே ஊற்றிச் சமைப்பது வீண்செலவு. அசிட்டால்டிஹைடு சுமார் 20 டிகிரியிலேயே கொதித்து ஓடிவிடும், சோட்டலோனுக்கு இறக்கும் முன் ஊற்றும் அந்த 5 சென்டிலிட்டரே போதும், நெடுநேரம் கொதிப்பதற்கு விலை குறைந்த சவான்யானே கைகொடுக்கும்.

வெந்தய உறவு இருப்பதால் நம் சமையலோடும் சேருமா என்ற கேள்வி வரும். வெந்தயம் போட்ட தேங்காய்ப்பால் சொதியோடு, மீன் சொதியென்றால் இன்னும் நன்றாக, இது இணைகிறது. புளிக்குழம்போடு சேராது, புளிப்போடு புளிப்பு மோதும். மிளகாய்க் காரம் 14 சதவீத ஆல்கஹாலை நெருப்பாக்கிவிடும்.

புட்டியில் இதன் ஆயுள் நம்பமுடியாதது. முதல் பத்தாண்டில் பச்சை அக்ரூட்டும் ஆப்பிளும். இருபதை நெருங்கும்போது மசாலா, உலர்பழம், குங்குமப்பூ, காப்பி. ஐம்பது கடந்தும் நிமிர்ந்து நிற்கும். ஆர்புவாவின் அனத்துவால் வெர்செல் 1774ல் செய்த மஞ்சள் ஒயினை அவர் சந்ததியினர் காத்துவைத்திருந்தார்கள். அதில் ஒரு புட்டியை 1994ல் 24 பேர் சுவைத்து 10க்கு 9.4 மதிப்பெண் கொடுத்தார்கள். 2018ல் லோன் லெ சோனியேயில் நடந்த ஏலத்தில் இன்னொரு புட்டி 1,03,700 யூரோவுக்குப் போனது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆர்புவாவின் கூட்டுறவு ஒயின் சங்கம் 1906லிருந்து இயங்குகிறது. அங்கே ஒரு கிளாவ்லான் 40 யூரோ அளவில் கிடைக்கும், தரம் நம்பத்தக்கது. ஷாத்தோ ஷலோனில் மாக்ல், பெர்த்தே-போந்தே குடும்பங்களின் ஒயின் பத்தாண்டு வைத்துத் திறக்க ஏற்றது. மண்ணுக்கு மண் என்ன வேறுபாடு என்று அறிய விரும்புபவர்கள் ஸ்தெஃபான் திசோவின் ஒயின்களைத் தேடலாம். தோட்டவாரியாகத் தனித்தனி மஞ்சள் ஒயின் செய்பவர் அவர். புதிய அறுவடை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரித் தொடக்கத்தில், 1997லிருந்து நடக்கும் பெர்சே என்ற மஞ்சள் ஒயின் விழாவில் பீப்பாய் திறந்து அறிமுகமாகும். 2024ல் வந்தது 2017 அறுவடை. ஏப்ரல் உறைபனி தளிரைக் கருக்கிய ஆண்டு அது, அளவு குறைவு. 2021ன் உறைபனி அதைவிட மோசம். அந்த ஆண்டு ஒயின் 2028 ஜனவரிக்கு முன் விற்பனைக்கு வர முடியாது, வரும்போதும் கொஞ்சமே வரும். சேமித்துவைக்க நினைப்பவர்கள் கடைகளில் இப்போதுள்ள முந்தைய அறுவடைகளை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.